கப்பல்ல ஊருக்குப் போறோமா, கப்பலே ஊரா?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு, இன்னைக்கு ஒரு முழு எபிசோடாவே ஆயிடுச்சு. கேள்வி ரொம்ப எளிமையானது. "கல்யாணமாகி முதல் வெக்கேஷன். சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற பெரிய குரூஸ் கப்பலா, சீசன்ல சென்னையில இருந்து போற சின்னக் கப்பலா? எதை புக் பண்ணலாம்?"

இதுக்கு யூடியூப்ல ஏகப்பட்ட பதில் இருக்கு. பெரிய கப்பல்ல ஆட்டம் குறைவு, வாட்டர் ஸ்லைடு இருக்கு, ஆனா எதுக்கெடுத்தாலும் க்யூ. சின்னக் கப்பல்ல கூட்டம் குறைவு, ஆனா ரெண்டாவது நாளே சுத்திப் பார்க்க ஒண்ணும் மிச்சமிருக்காது. எல்லாம் சரிதான். ஆனா வரலாற்றுப் பக்கமிருந்து பார்த்தா இதுக்கு அடியில வேற ஒரு கேள்வி இருக்கு. கப்பல் உங்களை ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போற வண்டியா? இல்ல, கப்பலேதான் நீங்க போற ஊரா? ஒரு காலத்துல இந்த ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்தது. எப்போ பிரிஞ்சதுன்னு கிட்டத்தட்ட வருஷத்தோட சொல்லலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். கப்பலுக்கு இத்தனை டன்னுன்னு நான் சொல்லும்போது அது எடை இல்லை. கப்பலுக்குள்ள மூடிய இடம் எவ்வளவு இருக்குங்கிற கொள்ளளவுக் கணக்கு. டைட்டானிக் 46,328 டன். 2024 ஜனவரியில மயாமியிலிருந்து முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் த சீஸ்' 248,663 டன். அஞ்சு மடங்குக்கும் மேல. இந்த ரெண்டு எண்ணையும் மனசுல வச்சுக்கோங்க.

கதை ஹாம்பர்க்கில் தொடங்குகிறது. ஆல்பர்ட் பாலின் என்பவர் ஹபாக் என்ற ஜெர்மன் கப்பல் கம்பெனியின் பெரிய தலை. கம்பெனிக்கு முக்கிய வருமானம், பிழைப்புத் தேடி அமெரிக்கா போகும் ஏழைகள். ஆனால் குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராது. பெரிய பெரிய கப்பல்கள் சும்மா கட்டிக் கிடக்கும். சும்மா கிடக்கும் கப்பலுக்கும் செலவு உண்டு. பாலினுக்கு ஒரு யோசனை: குளிரிலிருந்து தப்பிக்கப் பணக்காரர்கள் காசு கொடுப்பார்களே, அவர்களை வெயில் இருக்கும் பக்கம் கூட்டிப் போனால் என்ன?

1891 ஜனவரி 22 அன்று 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பல் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. பாலினும் மனைவியோடு ஏறிக்கொண்டார். அலெக்சாண்ட்ரியா, கான்ஸ்டான்டிநோபிள் என்று ஊர் ஊராக நின்று, இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார்கள். இதை நல்லா கவனிங்க. குரூஸ்ங்கிற யோசனை யாரோ கடலை ரசிச்சு வந்ததில்லை. காலியா இருக்கிற சீட்டை எப்படி நிரப்புறதுங்கிற கவலையில வந்தது. இந்தக் கவலை நம்ம கதையில திரும்பத் திரும்ப வரும்.

வியாபாரம் பிடித்துப்போனதும் பாலின் அடுத்த அடி எடுத்து வைத்தார். உல்லாசப் பயணத்துக்காகவே ஒரு கப்பல். கைசரின் மகள் பெயரில் 'பிரின்செஸின் விக்டோரியா லூயிஸ்', 1900-ல் கடலில் இறங்கியது. வெறும் 4,409 டன், 120 கேபின், எல்லாமே முதல் வகுப்பு. பார்க்க ஒரு ராஜாவின் சொந்தப் படகு மாதிரி இருக்கும். ஜிம் இருந்தது. போட்டோ எடுப்பவர்கள் பிலிம் கழுவ ஒரு இருட்டறை கூட இருந்தது. பயணிகள் இறங்கிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், திரும்பி வந்து கழுவுவார்கள் என்ற எண்ணத்தில் கட்டிய கப்பல். ஊர்தான் முக்கியம், கப்பல் அதுக்குத் துணை.

ஆறே வருடம்தான். 1906 டிசம்பர் 16 இரவு, ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்துக்குள் நுழையும்போது கேப்டன் ஒரு கலங்கரை விளக்கத்தை இன்னொன்று என்று நினைத்துவிட்டார். கப்பல் போர்ட் ராயல் பக்கம் பாறையில் ஏறிவிட்டது. பயணிகள் எல்லாரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். கேப்டன் தன் கேபினுக்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்.

அந்தக் கப்பலுக்குப் பதிலா ஹபாக் பின்னாடி என்ன பண்ணுச்சு தெரியுமா? இன்னொரு அழகான சின்னக் கப்பல் கட்டலை. கையில 'டாய்ச்லாண்ட்'னு 16,000 டன்னுக்கு மேல ஒரு கப்பல் இருந்தது. அட்லாண்டிக் வேக சாதனை பண்ணின கப்பல், ஆனா வேகமா போனா பயங்கரமா அதிரும். கரியையும் விழுங்கும். வெக்கேஷன் போறவங்களுக்கு என்ன அவசரம்? வேகத்தைக் குறைச்சு, உள்ளே மாத்திக் கட்டி, 1911-ல 'விக்டோரியா லூயிஸ்'னு பேர் வச்சு அனுப்பிட்டாங்க. மறுபடியும் அதே கணக்குதான். மீந்துபோன பெரிய கப்பலுக்கு ஒரு வேலை.

இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வேகமாக வந்துவிடுவோம். 1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்தன. அஞ்சு நாள் பயணம் அரை நாளுக்குள் அடங்கியது. அதோடு லைனர் கப்பல்களின் காலம் முடிந்தது. இது தெரிந்தும் பிரான்ஸ் அரசு விடவில்லை. 'ஃபிரான்ஸ்' என்றே பெயர் வைத்து, 316 மீட்டர் நீளத்தில் ஒரு கப்பலை 1962-ல் ஓடவிட்டது. 1974-ல் எண்ணெய் விலை ஏறி, மானியம் நின்றதும் கப்பலும் நின்றது. ஊழியர்கள் கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டு போராடிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. லெ ஆவ்ர் துறைமுகத்தில் வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்தது.

இப்போ காட்சி கரீபியனுக்கு மாறுது. மயாமியிலிருந்து நார்வேக்காரங்க சின்னச் சின்னக் கப்பல் ஓட்டிக்கிட்டிருந்த காலம் அது. ராயல் கரீபியனோட முதல் கப்பல் 'சாங் ஆஃப் நார்வே', 1970, சுமார் 18,000 டன். கூட்டம் தாங்காம 1978-ல அதை நடுவுல ரெண்டா வெட்டி, 26 மீட்டர் துண்டை உள்ளே வச்சு ஒட்டினாங்க. ஆமா, நிஜமாவே வெட்டி ஒட்டினாங்க. நூடுல்ஸ் டப்பா மாதிரி பேசுறேன்னு நினைக்காதீங்க, கப்பல் கட்டும் தொழில்ல இது வழக்கம்.

போட்டிக் கம்பெனி நார்வீஜியன் கரீபியன் லைனின் முதலாளி க்னூட் கிளோஸ்டர் வேறு வழியில் யோசித்தார். 1979-ல் அந்தத் துருப்பிடித்த 'ஃபிரான்ஸ்' கப்பலை 1.8 கோடி டாலருக்கு வாங்கி, அதைவிடப் பல மடங்கு செலவில் மாற்றி, 'நார்வே' என்று பெயர் வைத்து, 1980 ஜூனில் மயாமியிலிருந்து கிளப்பினார். சுமார் 2,000 பயணிகள்.

இங்கதான் சிக்கல். அட்லாண்டிக் அலைகளுக்காகக் கட்டிய கப்பல் தண்ணிக்குள்ள ரொம்ப ஆழமா இறங்கும். கரீபியன் தீவுகளோட துறைமுகம் பலதுல அதால கரை ஒதுங்க முடியாது. அதனால 400 பேர் ஏறக்கூடிய ரெண்டு படகை முன்தளத்துலயே தூக்கி வச்சுக்கிட்டுப் போனாங்க. கப்பல் தூரத்துல நிக்கும், படகு போய்ப் போய் வரும். 2,000 பேரை இப்படி இறக்கி ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்னு யோசிங்க. நிறையப் பேர் இறங்காம இருந்தாலே வசதிதான்.

அப்போ இறங்காதவங்களுக்குப் பொழுது போகணுமே. நீள நடைபாதை ரெண்டை எடுத்து, ஒண்ணுக்கு 'ஷான்ஸ் எலிசே', இன்னொண்ணுக்கு 'ஃபிஃப்த் அவென்யூ'ன்னு பேர் வச்சாங்க. பாரிஸ் தெரு, நியூயார்க் தெரு. கடை, கேசினோ, பிராட்வே பாணி நாடகம். இறங்கித்தான் ஆகணும்னா, கம்பெனி 1977-லேயே வாங்கி வச்சிருந்த பஹாமாஸ் குட்டித் தீவு இருக்கு. ஒரு ஊர்கூட இல்லாத ஊர்ப் பயணம்! என் கணக்குல வண்டி ஊரா மாறின இடம் இதுதான். கரைக்குப் போக முடியாத குறையை மறைக்கப் போய், அதுவே தொழிலாயிடுச்சு.

அதுக்கப்புறம் மத்த கம்பெனிகள் இதைத் திட்டம் போட்டே கட்ட ஆரம்பித்தன. 1988-ல் 73,000 டன்னில் 'சாவரின் ஆஃப் த சீஸ்'. 1996-ல் 'கார்னிவல் டெஸ்டினி' ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. பனாமா கால்வாயின் அன்றைய மதகுகளுக்குள் நுழையவே முடியாத அகலம். ஒரு கடலிலேயே சுற்றி வந்தால் போதும் என்று முடிவு எடுத்த பிறகுதான் அப்படி ஒரு கப்பலைக் கட்ட முடியும். 2009-ல் 'ஒயாசிஸ்' 2,25,000 டன். இப்போது 'ஐகான்', அதிகபட்சம் 7,600 பயணிகள், அதுபோக 2,350 ஊழியர்கள். நம்ம பக்கத்து ஒரு பேரூராட்சி.

பெரிய கப்பலைக் கிண்டல் பண்றது சுலபம், நான் முழுசா பண்ண மாட்டேன். கேப்டன், எஞ்சின், ரேடார், துறைமுகக் கட்டணம் எல்லாத்தையும் 5,000 பேருக்குப் பங்கு போட்டா தலைக்கு ஆகுற செலவு குறையும். பாலினோட 241 பேரும் வசதியானவங்க. இன்னைக்கு ஒரு நர்ஸ் தன் அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போக முடியுதுன்னா அதுக்குக் காரணம் இந்தப் பெருசுதான். டிக்கெட்டைக் குறைவா வச்சு, உள்ளே ட்ரிங்க்ஸ், வைஃபை, கேசினோன்னு எடுத்துக்குவாங்கங்கிறது வேற விஷயம்.

'நார்வே' கிளம்புறதுக்கு 11 வருஷம் முன்னாடியே இதுக்கு நேர் எதிர்த் திசையில ஒருத்தர் கிளம்பியிருந்தார். லார்ஸ் எரிக் லிண்ட்ப்ளாட், ஸ்வீடன்ல பிறந்த அமெரிக்கர். 1966-லேயே சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகா கூட்டிப் போனவர். 1969-ல் அதற்காகவே 'லிண்ட்ப்ளாட் எக்ஸ்புளோரர்' என்று சுமார் 2,400 டன்னில் ஒரு குட்டிக் கப்பலைக் கட்டினார். ஏறக்குறைய 100 பேர். பனிக்கட்டி உரசினால் தாங்கும் உடம்பு, கரைக்குப் போக ரப்பர் படகுகள். நாடகமும் கிடையாது, கேசினோவும் கிடையாது. ஜன்னலுக்கு வெளியேதான் எல்லாம். 2007 நவம்பரில் பனிக்கட்டி மோதி அதே அண்டார்டிக் கடலில் மூழ்கியது. ஏறியிருந்த 154 பேரும் காப்பாற்றப்பட்டார்கள்.

அங்கே இன்னைக்கு அளவு ஒரு விதியாவே ஆயிடுச்சு. ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல கரையில நிக்கக் கூடாது. 500 பேருக்கு மேல ஏத்தின கப்பல், யாரையும் இறக்கவே கூடாது. பெரிய கப்பல்ல போனா அண்டார்டிகாவைப் பார்க்கலாம், கால் வைக்க முடியாது. சின்னக் கப்பல்ல போனா கால் வைக்கலாம், ஆனா அந்த டிக்கெட் விலைக்கு இங்க ஒரு கார் வாங்கலாம்.

ஊர்க்காரங்க என்ன சொல்றாங்க? வெனிஸ்ல 2019 ஜூன்ல 'எம்.எஸ்.சி. ஓபரா'ங்கிற கப்பல் கட்டுப்பாடு இழந்து துறைமேடையிலயும் ஒரு சுற்றுலாப் படகுலயும் மோதினது. 2021 ஆகஸ்ட்லேர்ந்து 25,000 டன்னுக்கு மேலான கப்பல்களுக்கு ஜியுடெக்கா கால்வாயில அனுமதி இல்லை. அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவு மக்கள் 2020 நவம்பரில் வாக்கெடுப்பே நடத்தினார்கள்: ஒரு நாளைக்கு 1,500 பேருக்கு மேல் இறங்கக் கூடாது, 1,300 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் வரக் கூடாது. ஜெயித்தார்கள். அடுத்த வருடமே ஃபுளோரிடா மாநில அரசு ஒரு சட்டம் போட்டு அதைச் செல்லாமல் ஆக்கிவிட்டது. நாம புக் பண்ணும்போது இந்த ஊர்க்காரங்க நம்ம கண்ணுக்குத் தெரியறதே இல்லை. எனக்கு இதுல இருக்கிற உறுத்தல் அதுதான்.

சரி, சென்னைக்கு வருவோம். 2022 ஜூன்ல சென்னையிலிருந்து கிளம்பின கார்டீலியாவோட 'எம்ப்ரஸ்' நேத்து பிறந்த கப்பல் கிடையாது. 1990-ல ராயல் கரீபியனுக்காக 'நார்டிக் எம்ப்ரஸ்'னு பிறந்தது. சுமார் 48,500 டன். ஆமா, டைட்டானிக்கை விடக் கொஞ்சம் பெருசு! மயாமி பக்கம் மூணு நாள், நாலு நாள் பயணத்துக்குன்னே கட்டினது. மத்த கப்பல்கள் வளர வளர இது வளராமலே சின்னதாயிடுச்சு. 2017-ல கியூபாவின் ஹவானாவுக்கு ராயல் கரீபியன் போக ஆரம்பிச்சப்போ, அந்தத் துறைமுகத்துக்குப் பொருந்தின கப்பல் இதுதான். இங்க வந்தப்புறம் 2023 ஜூன்ல யாழ்ப்பாணம் பக்கத்துல காங்கேசன்துறைக்கே போய்ப் பயணிகளை இறக்கியது. ஐகானால அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

அதனால கேள்வி கேட்ட தம்பதிக்கு என் பதில் இது. சும்மா படுத்து எழுந்து, சாப்பிட்டு, ஷோ பார்த்து, எதைப் பத்தியும் யோசிக்காம நாலு நாள் வேணும்னா பெரிய கப்பல். தயங்கவே வேண்டாம், அதுக்காகத்தான் அதைக் கட்டியிருக்காங்க. ஊர் பார்க்கணும்னா, கப்பலோட போட்டோவை மூடி வச்சிட்டு ரெண்டு விஷயம் பாருங்க. எந்த ஊர்ல எத்தனை மணி நேரம் நிக்குது, நேரா கரையில கட்டுதா இல்ல படகுல இறக்குறாங்களா? எனக்கு சாய்ஸ் கொடுத்தா, காங்கேசன்துறைக்குப் போற கப்பல்.

அந்த 'நார்வே' கப்பலோட முடிவைச் சொல்லாம விட்டா நீங்க கமெண்ட்ல வந்து கேட்பீங்க. 2003 மே மாதம் மயாமியில் கட்டியிருந்தபோது அதன் பாய்லர் வெடித்து எட்டு ஊழியர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அது பயணிகளை ஏற்றவே இல்லை. 'ப்ளூ லேடி' என்று பெயர் மாறி 2006-ல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2007-ல் உடைக்க அனுமதி கிடைத்தது. அதன் மூக்கு நுனியை மட்டும் வெட்டி எடுத்துப் பாரிஸில் ஏலம் விட்டார்கள். இப்போது அது லெ ஆவ்ர் துறைமுகத்தில், அந்தக் கப்பல் வருடக்கணக்கில் சும்மா கிடந்த அதே ஊரில் நிற்கிறது. மீதியைக் கையால உடைச்சவங்க நம்ம நாட்டுத் தொழிலாளிகள். அலங் கதை தனி எபிசோட், அடுத்த வாரம் அதைப் பேசலாம்.