கடிகாரமும் மூடுபனியும்

ஊருக்குச் செல்லும் விமானம் தாமதமானால் வெளிமாநிலங்களில் வாழும் நாம் சலித்துக்கொள்கிறோம். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில், குண்டுவெடிப்பால் லாஸ் பல்மாஸ் நிலையம் மூடப்பட்டது. பல விமானங்கள் தெனெரீப் தீவுக்குத் திருப்பப்பட்டன. அங்கே மணிக்கணக்கில் காத்திருந்த டச்சு விமானியைப் பணிநேர வரம்பு பற்றிய கடுஞ்சட்டம் நெருக்கியது. மூடுபனியும் சூழ்ந்தது. புறப்பாட்டு அனுமதி கிடைக்குமுன்னரே அவர் விரைந்தார். அதே ஓடுபாதையில் எதிரே வந்த அமெரிக்க விமானத்துடன் மோதி 583 பேர் மாண்டனர்.

விசாரணையில் அந்த நேர நெருக்கடியும் பேசப்பட்டது. களைப்பைத் தடுக்க வந்த வரம்பே அவசரத்தை வளர்த்தது. வரம்பு வேண்டும், அதனை எட்டியவர் அச்சமின்றி ‘இனி இயலாது’ என்று சொல்லும் உரிமையும் வேண்டும். அச்சொல்லால் நம் பயணம் ஓரிரவு தள்ளிப்போனால், பொறுத்துக்கொள்வோமாக.