லேசர் வெட்டு யந்திரம்: அச்சு நகர்வுக் கோளாறுகளும் ஹோமிங் கோளாறுகளும்

லேசர் வெட்டு யந்திரம் என்பது, ஒளிக்கற்றை ஒன்றைச் சிறு புள்ளியாகக் குவித்து, அப்புள்ளியை மரப்பலகை, அக்ரிலிக், தோல், அட்டை முதலியவற்றின்மீது கணினியின் கட்டளைப்படி நகர்த்தி, அப்பொருள்களை வெட்டவோ அவற்றின்மேல் உருவம் பொறிக்கவோ உதவும் சாதனமாகும். தியோடர் மைமன் 1960-இல் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்து 1964-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இந்தியரான குமார் பட்டேல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உண்டாக்கினார். நெடுங்காலம் தொழிற்சாலைகளுக்கே உரியதாயிருந்த இச்சாதனம் வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்ததற்கு, நார்வே நாட்டைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகைக்காக எழுதி, யாவரும் இலவசமாக எடுத்தாளும்படி வெளியிட்ட கிர்பில் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஒரு பிரதான காரணமாகும். இக்கட்டுரை, கிர்பில் 1.1 மென்பொருளும், பல் பெல்ட்டும், ஸ்டெப்பர் மோட்டாரும் கொண்டு வீட்டிலேயே கட்டப்படும் யந்திரத்தை உதாரணமாகக் கொண்டு, அதன் அச்சுகள் சரிவர நகராமைக்கும், ஹோமிங் என்னும் தொடக்க நிலை காணும் செயல் பிழைபடுவதற்கும் உரிய காரணங்களையும் பரிகாரங்களையும் கூறுகிறது.

நகர்வின் அமைப்பு

லேசர் தலை இடவலமாக எக்ஸ் அச்சிலும், முன்பின்னாக ஒய் அச்சிலும் நகர்கிறது. வழக்கமாகப் பயன்படும் நீமா 17 ரக மோட்டாரின் தண்டு, ஒரு ஸ்டெப்புக்கு 1.8 பாகை வீதம் திரும்பி, 200 ஸ்டெப்புகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. டிரைவர் என்னும் சிறு மின்பாகம் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 நுண் ஸ்டெப்புகளாகப் பிரிக்குமாயின், சுற்றுக்கு 3200 என்றாகும். தண்டில் மாட்டிய புல்லிக்கு 20 பற்களும், ஜிடி2 பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மி.மீ. இடைவெளியும் இருப்பதால், ஒரு சுற்றில் பெல்ட் 40 மி.மீ. நகரும். 3200-ஐ 40-ஆல் வகுத்துக் கிடைக்கும் 80 என்பதே ஒரு மில்லிமீட்டருக்கான ஸ்டெப் எண்ணிக்கை. எக்ஸ் அச்சுக்கு $100 என்ற அமைப்பிலும், ஒய் அச்சுக்கு $101 என்ற அமைப்பிலும் இதுவே எழுதப்படுகிறது.

இவ்வமைப்பில் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. கட்டுப்பாட்டுப் பலகை, தான் அனுப்பிய ஸ்டெப்புகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறது. தலை உண்மையில் நகர்ந்ததா, நடுவில் எங்கேனும் தடைபட்டு நின்றதா என்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மின்சாரம் போனாலும், யாரேனும் தலையைக் கையால் தள்ளினாலும், பலகையின் கணக்குக்கும் தலையின் ஸ்தானத்துக்கும் இடையே இருந்த உறவு அற்றுப்போகிறது. அவ்வுறவைப் புதுப்பிக்கும் செயலே ஹோமிங். கட்டளை கிடைத்ததும், தலை வேகமாக ஓடி அச்சின் கோடியிலுள்ள லிமிட் சுவிட்சைத் தொட்டு, சற்றே பின்வாங்கி, மறுபடி மிக மெதுவாகச் சென்று தொட்டு, குறித்த தூரம் விலகி நிற்கிறது; அந்த ஸ்தானத்திலிருந்தே கணக்குத் தொடங்குகிறது.

யந்திரத்தை இயக்கியவுடன் முதலில் நடப்பது ஹோமிங்காகையால், மோட்டாரின் குற்றமும், வயரின் குற்றமும், தளர்ந்த திருகின் குற்றமும் ஹோமிங்கின் தலையிலேயே விழுவது வழக்கம். ஆதலால் கோளாறு காண முற்படுவோர் முதலில் இயந்திர பாகங்களையும், அடுத்து மின்இணைப்புகளையும், கடைசியாகவே மென்பொருள் எண்களையும் ஆராய்வது உத்தமமான கிரமமாகும். இக்கிரமம் தவறி எண்களில் முதலில் கை வைப்பவர், ஒரு கோளாறை மறைக்க மற்றொரு கோளாறை உண்டாக்கி, ஈற்றில் இரண்டையும் பிரித்தறிய இயலாமல் தவிக்க நேரும்.

முன்னெச்சரிக்கை

நகர்வைப் பரிசோதிக்கும் காலம் முழுவதும் லேசருக்குரிய மின்சாரம் துண்டிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குழாயை இயக்கும் மின்வழங்கி பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் தருவது. அணைத்த பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடுமாகையால், அதனருகே கை வைப்பது உயிருக்கு அபாயம். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் மோட்டார் வயரைப் பிடுங்குவதும் செருகுவதும் டிரைவரைப் பாழாக்கிவிடும்.

அச்சு நகர்வுக் கோளாறுகள்

முதற் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தலையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கையால் மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். வழிநெடுக ஒரே அளவான எதிர்ப்பு இருக்குமாயின் தண்டவாளமும் சக்கரமும் குற்றமற்றவை. ஓரிடத்தில் மட்டும் இறுகினால், அங்கே தண்டவாளம் கோணியிருக்கலாம், அல்லது வெட்டும்போது எழுந்த புகையின் பிசின் படிந்திருக்கலாம். ஒய் அச்சை இரு பக்கமும் இரு மோட்டார்கள் இழுக்கும் அமைப்பில், மின்சாரம் அற்ற வேளையில் ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்திவிடுவதுண்டு. இயக்குமுன் இரு பக்கங்களையும் முட்டுக்கட்டைவரை தள்ளி ஒழுங்கு செய்தல் நலம்.

கணினித் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருக்க, தலை அசையாமல் நிற்பது புதியவர்களை மிகவும் மயக்கும் லக்ஷணமாகும். கட்டுப்பாட்டுப் பலகை கணினியின் யூஎஸ்பி வயரிலிருந்தே சக்தி பெற்று உயிரோடிருக்கிறது; மோட்டாருக்குரிய 12 அல்லது 24 வோல்ட் மின்வழங்கி அணைந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. மின்வழங்கியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

மோட்டார் சுழலாமல் உறுமி நடுங்குமாயின், அதன் நான்கு வயர்களுள் ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது இரு சுருள்களின் வயர்கள் ஒன்றோடொன்று மாறியிருக்கின்றன. ஜோடியை அறிய எளிய உபாயம் உண்டு. மோட்டாரைப் பலகையிலிருந்து கழற்றி, இரண்டு வயர்களின் முனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துத் தண்டைத் திருகும்போது, அது முன்னிலும் கடினமாகத் திரும்பினால் அவ்விரண்டும் ஒரே சுருளைச் சேர்ந்தவை.

நகர்ந்துகொண்டிருந்த தலை நடுவழியில் தடுமாறி, வரைந்த உருவம் அதற்குமேல் ஒரு பக்கமாக விலகிப்போவது ஸ்டெப் தவறுதல் எனப்படும். டிரைவர் தரும் மின்னோட்டம் போதாமை, முடுக்கத்தை அளவுக்கு மீறி வைத்தல், உராய்வு மிகுதி ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்களாகும். டிஆர்வி8825 டிரைவரில், சிறு திருகினருகே அளக்கும் மின்னழுத்தத்தின் இரு மடங்கே மோட்டாருக்குச் செல்லும் ஆம்பியர் அளவாகும்; 0.6 வோல்ட் காட்டினால் 1.2 ஆம்பியர் என்று கொள்க. மின்னோட்டத்தை வரம்பின்றிக் கூட்டுவதும் பிழையே. டிரைவர் சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, ஆறியதும் மறுபடி இயங்குவதால், விட்டுவிட்டு நகரும் புதியதொரு கோளாறு தோன்றும்.

ஸ்டெப் தவறுதலைப்போலவே தோன்றி ஏமாற்றுவது புல்லி வழுக்குதல். புல்லியைத் தண்டோடு பிணைக்கும் சிறு திருகு, தண்டின் தட்டையான பக்கத்தில் அழுந்தாமல் வளைவில் நின்றால், மோட்டார் சரியாகச் சுழன்றும் பெல்ட் பின்தங்கும். தண்டின் முனையிலிருந்து புல்லியின் மேல்வரை மார்க்கர் பேனாவால் ஒரே கோடு இழுத்துவிட்டு, சில நிமிடங்கள் யந்திரத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தால், கோடு இரண்டாக விலகியிருப்பதே வழுக்கலுக்குச் சாட்சியாகும். கோடு விலகாதிருக்க உருவம் மட்டும் விலகினால், குற்றம் ஸ்டெப் தவறுதலிலோ பெல்ட் பல் தாண்டுவதிலோ இருக்கிறது.

அளவுப் பிழை

தலை நகர்கிறது, ஆனால் கேட்ட தூரம் செல்லவில்லை என்றால், பிழையின் விகிதமே காரணத்தைச் சொல்லிவிடும். 200 மி.மீ. கேட்டு 100 மி.மீ. கிடைத்தால், நுண் ஸ்டெப் அளவைத் தீர்மானிக்கும் ஜம்பர் என்னும் சிறு இணைப்புத் துண்டுக்கும் மென்பொருள் எண்ணுக்கும் பொருத்தமில்லை என்று கொள்ளலாம். ஏ4988 டிரைவர் பழுதாகி, அதனிடத்தில் டிஆர்வி8825-ஐச் செருகியவர்கள் இதனைப் பெரிதும் காண்பர். மூன்று ஜம்பர்களும் மாட்டிய நிலையில் முன்னது ஸ்டெப்பை 16 ஆகவும், பின்னது 32 ஆகவும் பிரிப்பதால், $100-இல் 80 என்றிருப்பதை 160 ஆக்க வேண்டியிருக்கும். இவ்விரு டிரைவர்களிலும் மின்னோட்டம் திருத்தும் திருகு எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருப்பதால், திருகின் இடத்தை நம்பாமல், கால்களின் பெயர்களைப் படித்தே செருக வேண்டும்.

200 கேட்டு 198 கிடைப்பதுபோன்ற சிறு வித்தியாசத்துக்கு, பழைய எண்ணைக் கேட்ட தூரத்தால் பெருக்கி, கிடைத்த தூரத்தால் வகுத்துப் புதிய எண் காணலாம். எனினும் பெல்ட் தளர்ந்திருக்கையில் இக்கணக்கைச் செய்வது, தளர்ச்சியை எண்ணுக்குள் ஒளித்துவைப்பதே ஆகும். வட்டம் வரையச் சொன்னால் அது திசை மாறும் நான்கு இடங்களில் தட்டையாகத் தெரிவது பெல்ட் தளர்ச்சியின் லக்ஷணம். சதுரம் சாய்ந்து, மூலைவிட்டங்கள் சமமின்றிப் போவது சட்டம் செங்கோணத்தில் நில்லாமையின் லக்ஷணம்.

கோர்-எக்ஸ்ஒய் என்ற அமைப்பில் ஒவ்வொரு அச்சின் நகர்வுக்கும் இரு மோட்டார்களும் சேர்ந்து உழைப்பதால், ஒன்று நின்றுபோனால் தலை மூலைவிட்டமாகச் செல்லும்; ஒன்று திசைமாறிச் சுழன்றால், எக்ஸ் கேட்ட கட்டளைக்கு ஒய் நகரும். இதனைக் கண்டு அச்சே உடைந்ததென்று அஞ்ச வேண்டியதில்லை.

ஹோமிங் கோளாறுகள்

ஹோமிங் கட்டளை கொடுக்குமுன் லிமிட் சுவிட்ச் பேசுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கேள்விக்குறி ஒன்றை மட்டும் அனுப்பினால் கிர்பில் தன் நிலையைத் தெரிவிக்கும்; விரலால் எக்ஸ் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கையில் அவ்வறிக்கையில் எக்ஸ் எழுத்துத் தோன்றி, விட்டதும் மறைய வேண்டும். ஒய் சுவிட்சுக்கும் அவ்வாறே. அழுத்தியும் தோன்றாவிடில் வயர் அறுந்திருக்கிறது. அழுத்தாதபோது தோன்றி, அழுத்தினால் மறையுமாயின், அழுத்தாதபோது மின்சுற்று மூடியிருக்கும் மூடிய நிலைச் சுவிட்சைத் திறந்த நிலைச் சுவிட்சாக மென்பொருள் கருதிக்கொண்டிருக்கிறது. $5 அமைப்பை மாற்றினால் போதும். இதைக் கவனியாது ஹோமிங் தொடங்கினால், தலை சற்றே அசைந்து, சுவிட்சிலிருந்து விலக இயலவில்லை என்ற 8-ஆம் எண் அபாய அறிவிப்போடு நின்றுவிடும்.

தலை சுவிட்சை நாடாமல் எதிர்த்திசையில் ஓடுமானால், உடனே $23-ஐ மாற்றிவிடலாகாது. முதலில் கைக்கட்டளையால் நகர்த்தி, கூட்டல் எக்ஸ் கேட்டால் வலப்புறமும், கூட்டல் ஒய் கேட்டால் பின்புறமும் தலை செல்கிறதா என்று பார்த்து, செல்லாவிடில் $3-ஆல் திசையைத் திருத்த வேண்டும். கிர்பிலின் இயல்பான ஹோமிங் வலது பின் மூலையை நோக்கியது. சுவிட்சுகள் இடது முன் மூலையில் இருப்பின், திசை திருந்திய பிறகு $23-இல் 3 என்று எழுதுக.

சுவிட்சைக் காணவில்லை என்ற 9-ஆம் எண் அறிவிப்புக்கு வினோதமான காரணம் ஒன்றுண்டு. கிர்பில், $130, $131 அமைப்புகளில் உள்ள அச்சு நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரமே தேடும். அங்கே முதலில் இருக்கும் எண் 200. ஆதலால் 400 மி.மீ. நீள மேஜையில் மறுகோடியிலிருந்து புறப்பட்ட தலை, 300 மி.மீ. ஓடியதும் சுவிட்சை எட்டாமலே தேடுவதை நிறுத்திவிடும். உண்மையான நீளத்தை எழுதினால் கோளாறு தீரும். செங்குத்து அச்சு இல்லாத யந்திரத்தில், எக்ஸும் ஒய்யும் அசையுமுன்பே ஹோமிங் தோற்றுப்போவதற்குக் காரணம், கிர்பில் முதலில் அந்த இல்லாத மூன்றாம் அச்சைத் தேடுவதே. மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஹோமிங் வரிசையை இரண்டு அச்சுகளுக்கென மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும்.

ஹோமிங் முடிந்ததும் திரையில் கழித்தல் எண்கள் தோன்றுவது கோளாறன்று. இடது முன் மூலையில் 300 மி.மீ. அச்சுக்கு கழித்தல் 299 என்று காட்டுவது, கிர்பில் தன் யந்திர அளவைகளை இயல்பாகக் கழித்தல் பக்கத்திலேயே வைத்திருப்பதன் விளைவு. வேலைக்குரிய தொடக்கப் புள்ளியைத் தனியே குறித்துக்கொள்ளலாம்.

மின் இரைச்சல்

லேசர் அணைந்திருக்கையில் ஒழுங்காக ஓடும் யந்திரம், லேசர் எரியும்போது மட்டும் எதிலும் மோதாமலே, லிமிட் சுவிட்ச் தொடப்பட்டது என்ற 1-ஆம் எண் அறிவிப்போடு நிற்குமாயின், உயர் அழுத்த வயரிலிருந்து சுவிட்ச் வயருக்குள் இரைச்சல் புகுகிறதென்று கொள்ளலாம். அதே வேலையை லேசர் மின்வழங்கியை அணைத்து ஒருமுறையும், எரியவிட்டு ஒருமுறையும் ஓட்டிப் பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்கும். சுவிட்ச் வயரின் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தப் பலகையின் உள்ளே உள்ள மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான பலவீனமான தடையாகையால், வெளியே வலுவான தடை ஒன்றைச் சேர்ப்பதும், சிறு மின்தேக்கியால் வடிகட்டுவதும், உறையிட்ட வயரை ஒரு முனையில் மட்டும் தரையோடு இணைப்பதும், சுவிட்ச் வயரை உயர் அழுத்த வயரிலிருந்து விலக்கி ஓட்டுவதும் தக்க பரிகாரங்கள். மூடிய நிலைச் சுவிட்சுக்கு ஒரு சிறப்பு உண்டு: அதன் வயர் அறுந்தால் யந்திரம் ஓடாமல் நின்று தெரிவித்துவிடும்.

சரிபார்த்தல்

பழுது நீங்கியதை உறுதி செய்ய லேசர் தேவையில்லை. தலையில் ஒரு பேனாவைக் கட்டி, மேஜையில் காகிதத்தை ஒட்டி, ஹோமிங் செய்தபின் குறித்த ஓரிடத்தில் புள்ளி வைக்கச் செய்து, இதனைப் பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். புள்ளிகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் ஹோமிங் நம்பத்தக்கது; சிதறினால், சுவிட்சின் பிடியையோ அதன் நெம்புகோலையோ மறுபடி பார்க்க வேண்டும். பின்னர் ஒரு சதுரத்தையும் அதன் மூலைவிட்டங்களையும் வரையச் செய்து அளந்துகொள்ளலாம். அமைப்பு எண்களை மாற்றுமுன் பழைய பட்டியலைத் தாளில் எழுதி வைப்பதும், ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பரிசோதிப்பதும், இந்த யந்திரத்தைக் கட்டும் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய நியமங்கள். பேனாவால் சரியான சதுரம் வரையாத யந்திரத்தில் லேசரை எரியவிடலாகாது.