64 கட்டங்கள் – 23
தால் தந்த யோசனை

இந்த வாரம் 11ஆவது ஆட்டத்துக்கு, அந்த டிராகன் திறப்புக்கு, வந்தாக வேண்டும். ஆனால் 10ஆவது ஆட்டம் வழியை மறிக்கிறது.

1995 செப்டம்பர். கஸ்பரோவ்–ஆனந்த் உலக சாம்பியன் பட்டப் போட்டி. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடி. எட்டு டிராக்களுக்குப் பிறகு 9ஆவது ஆட்டத்தை வென்று ஆனந்த் முன்னால் நிற்கிறார். இப்போது அவருக்குக் கறுப்புக் காய்கள். 6ஆவது ஆட்டத்தில் கஸ்பரோவை டிராவில் நிறுத்திய ஓபன் ஸ்பானிஷையே மறுபடியும் எடுத்தார்.

14ஆவது நகர்த்தலில் கஸ்பரோவின் பிஷப் சி2-க்குப் பின்வாங்கியது. அடுத்து குதிரை பி3-க்கு வந்தது. குதிரைகள் வெட்டுப்பட்டதும் ஏ1 மூலையில் வெள்ளை யானைக்குக் காவல் இல்லை. அதைக் காப்பாற்றாமல் வெள்ளை ராணி ஜி4-க்குப் பாய்ந்தது. ஆனந்த் யானையை எடுத்தார். 38ஆவது நகர்த்தலில் ஆட்டத்தை இழந்தார்.

அந்த பிஷப் பின்வாங்கல் மிகயில் தாலின் யோசனை! இந்த ஓபன் ஸ்பானிஷ் திறப்பு 1978இல் பாகியோவில் கார்போவ்–கோர்ச்னாய் உலக சாம்பியன் பட்ட மோதலில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அப்போது தால் கார்போவின் அணியில் இருந்தார்.

தாலைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1936இல் ரிகாவில் பிறந்தவர். வலக்கையில் மூன்றே விரல்கள். 1960இல், 23 வயதில், போத்வின்னிக்கை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். மறு ஆண்டே பட்டத்தை அவரிடமே இழந்தார். சிறுநீரக நோய் வாழ்நாள் முழுக்க வாட்டியது. 1992 மே மாதம் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, மாஸ்கோ பிளிட்ஸ் போட்டியில் கஸ்பரோவையே தோற்கடித்தார். அடுத்த மாதம் 28ஆம் தேதி இறந்தார். வயது 55.

அவருடைய காய்ப் பலிகளில் ஓட்டை இருந்ததைப் பின்னால் நிதானமாக அலசியவர்கள் காட்டினார்கள். கடிகாரம் ஓடும்போது எதிரே உட்கார்ந்தவர்களில் பலருக்கு அது தென்படவில்லை. அதனால்தான் எனக்கு அவர் சதுரங்கத்தின் மாவீரர். முடிவு தெரியாமல் காயைக் கொடுத்தவர் அவர். கஸ்பரோவோ முடிவுவரை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டு வந்து கொடுத்தார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்த 10ஆவது ஆட்டத்தில் எதிராளி யோசித்துக்கொண்டிருக்கையில் அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனதை மன்னிக்க மாட்டேன். தால் அப்படி ஜெயித்தவர் அல்ல.

கணக்கு இப்போது சமம். முக்கியப் போட்டிகளில் அதுவரை கையில் எடுக்காத டிராகனோடு கஸ்பரோவ் 11ஆவது ஆட்டத்துக்கு வருகிறார். போட்டியின் போக்கே அங்கேதான் மாறியது.

(அடுத்த வாரம்: டிராகன்)