சேலம் வளர்த்த ஒலியும் ஒளியும்

திரைக்கலைப் புதுமைகள் சென்னைக்கே உரியன என்பார் கூற்று முற்றும் பொருந்துவதன்று. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற டி.ஆர். சுந்தரம், 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய 'பாலன்' (1938) அங்கு உருவாயிற்று.

'உத்தமபுத்திரன்' (1940) படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். காமிராவின் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடித்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியில் மீண்டும் பிடிப்பது அக்கால இரட்டை வேடக் காட்சிகளுக்குரிய உத்தி. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ஆகும். பின்னர் இரு கண்களுக்கும் வெவ்வேறு காட்சி காட்டும் முப்பரிமாண முறை, 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் மலையாளப் படத்தின்வழி இந்தியத் திரைக்கு வந்தது. அம்மொழியின் திரைக்கு முதற்குரல் தந்த ஊர் சேலம் என்பது நினைவுகூரத்தக்கது.

சுந்தரம் 1963இல் மறைந்தார். படப்பிடிப்புக் கூடங்களும் மறைந்தன. ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டுமே எஞ்சியுள்ளது. 'பாலன்' படச்சுருளும் இன்று கிடைத்திலது. 1880இல் உ.வே.சாமிநாதையரைச் சிந்தாமணியின்பால் திருப்பியவர் சேலம் இராமசாமி முதலியார். ஓலைச்சுவடிக்கு வாய்த்த அத்தகைய தூண்டுகோல் படச்சுருளுக்கு வாய்க்கவில்லை. எஞ்சியவற்றையேனும் தேடிக் காப்பது இம்மண்ணின் படைப்பாளர் கடனாகும்.