பைக் எஞ்சின், நாலு சக்கரம், ரிவர்ஸ் கியர் கிடையாது

இங்கிலாந்து மோட்டார் வாகன விதிகளில் (1986-ல் வந்தது) ஒரு வேடிக்கையான ஷரத்து இருக்கு. மூணு சக்கரத்துக்கு மேல உள்ள வண்டி, வெறும் எடை 410 கிலோவைத் தாண்டினா, பின்னாடி போகவும் வசதி இருக்கணும். 410-க்குள்ள இருந்தா? ரிவர்ஸ் வேண்டாம். இறங்கித் தள்ளிக்கலாம்!

நாலு சக்கரம் வெச்ச கார் எப்படிய்யா 410 கிலோ இருக்கும்னு கேக்கலாம். நம்ம மாருதி 800-ஏ கிட்டத்தட்ட 650 கிலோ. ஆனா அப்படிப்பட்ட கார்கள் இருக்கு. ஸ்டீல் குழாய்களைப் பற்றவெச்ச கூண்டு, மேல அலுமினியத் தகடு, ஃபைபர் மூக்கு, உள்ளே யமஹா ஆர்1 அல்லது சுசுகி ஹயபுசா எஞ்சின். கதவு கிடையாது, கூரை கிடையாது, ஏசியைப் பத்திப் பேசவே வேண்டாம். பாகங்களா வாங்கி, வீட்டு ஷெட்டில் தானே பூட்டி, நம்பர் வாங்கி ரோட்டில் ஓட்டுறாங்க. இதுக்குப் பேர் கிட் கார். இந்தக் கூத்து எங்கே ஆரம்பிச்சுதுன்னு தேடினா, நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகவேண்டி இருக்கு.

பாதிரியார் மகனும் ஒரு பிரெஞ்சு எஞ்சினும்

1909. மால்வெர்ன் ஊர்ல எச்.எஃப்.எஸ். மார்கன்னு ஒரு இளைஞர். அப்பா பாதிரியார். பையன் மோட்டார் சைக்கிள் செய்யலாம்னு வாங்கி வெச்சிருந்த பெஜோ வி-ட்வின் எஞ்சினை, மூணு சக்கர வண்டி ஒண்ணுல மாட்டிட்டார். மால்வெர்ன் கல்லூரின்னு ஒரு பள்ளிக்கூடம், அங்கே இருந்த பட்டறையில்தான் வேலை நடந்தது. பட்டறை ஆசிரியரும் கூட நின்னு உதவினார். அப்பா பாதிரியாரா இருந்தும் "ஒழுங்கா ஒரு வேலையைப் பாரு"ன்னு சொல்லாம பணம் போட்டார். 1910-ல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வண்டியை வெச்சாங்க. ஒத்தை ஆள் வண்டிங்கிறதால பெரிசா ஆர்டர் வரலை. அடுத்த வருஷம் ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி மாத்தினதும் பிச்சுக்கிட்டுப் போச்சு.

அப்புறம் ஜே.ஏ.பி. எஞ்சின் (வடக்கு லண்டன்ல ஜான் ஆல்ஃப்ரெட் ப்ரெஸ்ட்விச் செஞ்சது) முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கிற அந்த மார்கன் மூணு சக்கரம் பல வருஷம் ஓடிச்சு. ஏன் மூணு சக்கரம்? எல்லாம் வரிதான். எடை குறைஞ்ச மூணு சக்கர வண்டியை அரசாங்கம் மோட்டார் சைக்கிள் கணக்கில் சேர்த்தது. காருக்குக் கட்டுற வரியில் ஒரு பகுதி கட்டினாப் போதும்.

1922-ல் ஆஸ்டின் செவன் வந்துச்சு. 747 சிசி, நாலு சிலிண்டர், நாலு சக்கரம், நிஜமான கார், அதுவும் மலிவா. மார்கன் மாதிரி கிளம்பின சின்னக் கம்பெனிகள் பலதும் காணாமப் போயின. மார்கன் மட்டும் தாக்குப்பிடிச்சது. மூணு சக்கரத்தை 1952 வரைக்கும் செஞ்சாங்க. 2011-ல் திரும்பவும் வி-ட்வின் எஞ்சினோட கொண்டுவந்து 2021 வரைக்கும் வித்தாங்கன்னா பார்த்துக்குங்க.

போருக்கு அப்புறம்

அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1946. போர் முடிஞ்சிருச்சு, கையில காசு இல்லை, பெட்ரோலுக்கு ரேஷன் (1950 வரைக்கும் நீடிச்சது). ஆனா ரேஸ் ஓட்ட ஆசை. பிரிஸ்டல் பக்கத்து ஆட்கள் சிலர் கூடி 500 சிசி பைக் எஞ்சின் போட்ட குட்டி ரேஸ் கார்னு ஒரு விதிமுறை எழுதினாங்க.

லண்டன் பக்கத்துல சர்பிட்டன்ல கூப்பர்னு அப்பா பிள்ளை நடத்தின கராஜ். பழைய ஃபியட் டோப்போலினோ காரின் முன்பக்க சஸ்பென்ஷன் ரெண்டை எடுத்து, ஒண்ணை முன்னாடியும் இன்னொண்ணைப் பின்னாடியும் மாட்டினாங்க. ஜே.ஏ.பி. 500 எஞ்சின். ஸ்பீட்வே ரேஸுக்கான அந்த எஞ்சின் மெத்தனால்ல ஓடும், அதனால பெட்ரோல் ரேஷன் கவலையும் இல்லை. எஞ்சினை எங்கே வைக்கிறது? பைக் எஞ்சின் செயின் வழியாத்தான் சக்கரத்தைச் சுத்தும். செயினை முன்னாடி இருந்து பின்சக்கரம் வரைக்கும் இழுக்க முடியுமா? அதனால டிரைவருக்குப் பின்னாடி வெச்சுட்டாங்க. பெரிய தத்துவம் எல்லாம் இல்லை, வேலை சுளுவு, அவ்ளோதான்.

இந்தச் சுளுவு என்ன செஞ்சுதுன்னு பாருங்க. 1948-ல் ஸ்டெர்லிங் மாஸ் இந்தக் கூப்பர் 500-ல்தான் கார் ரேஸில் பேர் வாங்க ஆரம்பிச்சார். 1950-ல் இந்த வகைக்கு ஃபார்முலா த்ரீ அங்கீகாரம் கிடைச்சது. கூப்பர் இதே அமைப்பைப் பெரிசாக்கிக்கிட்டே போனாங்க. 1958 அர்ஜென்டினா கிராண்ட் ப்ரீயில் மாஸ் பின் எஞ்சின் கூப்பரில் ஜெயிச்சார். 1959, 1960 ரெண்டு வருஷமும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். சில வருஷத்துல முன்னாடி எஞ்சின் வெச்ச ஃபார்முலா ஒன் கார்கள் மியூசியத்துக்குப் போயிருச்சு. இன்னிக்கும் ஃபார்முலா ஒன் காரில் எஞ்சின் டிரைவருக்குப் பின்னாடிதான்.

ஒரு கிளைக்கதை. 500 சிசி ரேஸில் நார்ட்டன் மான்க்ஸ் எஞ்சின் ஜே.ஏ.பி.யைத் தூக்கிச் சாப்பிட்டது. ஆனா நார்ட்டன் எஞ்சினைத் தனியா விக்கமாட்டாங்க. அதனால முழு பைக்கை வாங்கி, எஞ்சினை உருவி காரில் போட்டாங்க. மிச்சம் நின்ன அருமையான நார்ட்டன் சட்டங்களில் டிரையம்ப் எஞ்சினை மாட்டினாங்க இன்னும் சிலர். ட்ரைட்டன்னு பேர் வாங்கின அந்தக் கலப்பு பைக் பிறந்தது இப்படித்தான். கார்க்காரங்க தூக்கிப்போட்டது பைக்காரங்களுக்குப் பொக்கிஷம்!

வரியில் பிறந்த செவன்

இதே காலத்துல காலின் சாப்மன்னு ஒரு இன்ஜினியரிங் பட்டதாரி பழைய ஆஸ்டின் செவன் பாகங்களை வெச்சு வண்டி கட்டிக்கிட்டு இருந்தார். அவரோட லோட்டஸ் செவன் 1957-ல் வந்தது. புது காருக்கு விற்பனை வரி தீட்டினாங்க, பிரிச்சுப் போட்ட பாகங்களுக்கு அந்த வரி இல்லை. அதனால பெட்டியில் கொடுத்து "நீயே பூட்டிக்கோ"ன்னாங்க. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தா சலுகை போயிரும்னு, கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, தலைகீழாப் படிச்சுக்கோன்னு சொன்னதா ஒரு கதை உலவுது. (ரிவர்ஸ் இன்ஜினியரிங்னா இதுதான்யா!)

1973-ல் அந்த வரி போய் வாட் வந்ததும் சலுகையும் போச்சு. லோட்டஸ் கையைக் கழுவ, கேட்டர்ஹாம் அந்த டிசைனை வாங்கிக்கிட்டாங்க. வரிக்காகப் பிறந்த கார், வரிச்சலுகை செத்த பிறகும் சாகலை. தானே கட்டின வண்டியை ஓட்டுற சுகம் வரிக்கணக்கில் வராது போல.

ஜப்பான் வந்தது

இடைப்பட்ட காலத்துல பைக் எஞ்சின் மேல யாருக்கும் பெரிய ஆர்வம் இல்லை. பிரிட்டிஷ் ட்வின்கள் அதிரும், ஆயில் ஒழுகும். ஃபோர்டு எஞ்சின் மலிவாக் கிடைச்சது.

மாத்தினது ஜப்பான்காரங்க. 1969-ல் ஹோண்டா சிபி750. 1984-ல் கவாசாகி ஜிபிஇசட்900ஆர், தண்ணீரில் குளிர்ற 16 வால்வு. 1992-ல் ஃபயர்பிளேடு, 1998-ல் ஆர்1, 1999-ல் ஹயபுசா. ஹயபுசா 1299 சிசி, 175 குதிரைசக்தி பக்கம். எஞ்சின், கிளட்ச், ஆறு கியர் எல்லாம் ஒரே அலுமினியக் கூட்டுக்குள்ள, மொத்தம் 80 கிலோ பக்கம். அந்தக் காலத்து கிட் காரில் போட்ட ஃபோர்டு எஞ்சினோ வார்ப்பிரும்பு, கியர்பாக்ஸ் தனி.

கணக்குப் போடுவோம். 450 கிலோ காரில் 175 குதிரைன்னா டன்னுக்கு 390 பக்கம். மாருதி 800-க்கு 37 குதிரை, டன்னுக்கு 57. வேற விளக்கம் வேணுமா?

எஞ்சின் எங்கிருந்து வந்துச்சு? இங்கதான் கொஞ்சம் கசப்பு. விபத்தில் சட்டம் நொறுங்கின பைக்குகள். வண்டி போனாலும் எஞ்சின் நல்லா இருக்கும். இன்ஷூரன்ஸ் கழிச்சுக்கட்டினதை உடைக்கிற கடையில் வாங்குவாங்க. கூடவே 1996-ல் ரான் சாம்பியன்னு ஒரு பள்ளி ஆசிரியர், வெறும் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுறது எப்படின்னு புத்தகம் போட்டார். ஒரு அங்குல சதுரக் குழாய், வெல்டிங் மெஷின், ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட் போதும். ஆயிரக்கணக்கான ஷெட்டில் தீப்பொறி பறந்தது. இந்த ரெண்டு ஓடையும் கலந்ததுதான் இன்னிக்கு நாம பார்க்கிற பைக் எஞ்சின் கார். ஃபிஷர் ஃப்யூரி, எம்கே இண்டி, வெஸ்ட்ஃபீல்டு மெகாபுசான்னு வரிசையா வந்தது. 1997-ல் பீட்டர்பரோவில் ரெண்டு பேர் ஆரம்பிச்ச ராடிகல் கம்பெனி, ஹயபுசா சிலிண்டர் ஹெட்களை வெச்சு வி8 செஞ்சு, 2005-ல் நூர்பர்க்ரிங்கை 6 நிமிஷம் 55 விநாடியில் சுத்தினாங்க. 2009-ல் 6 நிமிஷம் 48.

வாங்கினா என்ன பார்க்கணும்?

முதல் கேள்வி ஆயில். பைக் வளைவில் சாயும், அதனால விசை எப்பவும் எஞ்சினோட அடிப்பக்கமாவே போகும், ஆயில் இருந்த இடத்துலேயே இருக்கும். கார் சாயாது. வளைவில் 1 ஜி பக்கவாட்டு விசை வந்தா ஆயில் மட்டம் 45 டிகிரி சரியும். பம்ப் காத்தைக் குடிக்கும், பேரிங் போயிடும். அதனால ஆயில் சட்டியில் தடுப்புத் தகடு போட்டாங்களா, இல்லை டிரை சம்ப்பான்னு கேக்காம பர்ஸைத் திறக்கக்கூடாது.

ரெண்டாவது கிளட்ச். இருநூறு கிலோ பைக்குக்குச் செஞ்சது. கெட்டி ஸ்பிரிங் மாத்தியிருக்காங்களா? மூணாவது ரிவர்ஸ். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு கியர்பெட்டியோ, ஸ்டார்ட்டர் மோட்டார் மாதிரி ஒண்ணோ வெச்சிருப்பாங்க. 410 கிலோவுக்குக் கீழேன்னா ஒண்ணுமே இருக்காது. நாலாவது காது. பைக்கில் ஹயபுசாவின் ஸ்ப்ராக்கெட் விகிதம் 2.35. காரில் சியரா டிஃபரன்ஷியல்னா 3.62. டாப் கியர்ல மணிக்கு 112 கிமீ போனாலே 6,000 ஆர்பிஎம்முக்கு மேல. ஒரு மணி நேரம் போனா இறங்கினப்புறமும் காதுல ரீங்காரம்.

அஞ்சாவது காகிதம். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒண்ணா? இதுதான் இந்தப் பதிவோட முக்கிய விஷயத்துக்குக் கொண்டுபோகுது.

ஒத்தை வண்டிக்கு ஒரு பரீட்சை

1998-ல் இங்கிலாந்து அரசாங்கம் தனி வண்டிக்கான சோதனையைக் கட்டாயமாக்கினாங்க. 2009-ல் அது இன்னும் கெடுபிடி ஆச்சு. பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், புகை, 99 டெசிபல் சத்தம், கூரான விளிம்புகள் எல்லாம் பார்ப்பாங்க. தேறினா நம்பர். தேறலைன்னா சரிபண்ணிட்டு திரும்ப வா. "கூடாது"ன்னு ஒரே வார்த்தையில் முடிக்கலை, "இதெல்லாம் செஞ்சா கூடும்"னு பட்டியல் கொடுத்தாங்க.

நம்ம ஊர்ல ஒரு மாடலுக்கு ஒப்புதல் வாங்குற முறை, ஆயிரக்கணக்கில் செய்யற கம்பெனிக்கானது. ஒத்தை வண்டி கட்டுறவனுக்கு நடைமுறையில் வழி இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு. இதை முட்டாள்தனம்னு நான் சொல்லமாட்டேன். 2022-ல் மட்டும் நம்ம நாட்டு ரோட்டில் 1,68,000 பேருக்கு மேல செத்திருக்காங்க. ஏர்பேக் இல்லாத, கூரை இல்லாத 175 குதிரை வண்டியை ஜிஎஸ்டி ரோட்டில் நினைச்சுப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது.

ஆனா இதோட விலை என்னன்னும் பார்க்கணும். கூப்பர், லோட்டஸ் எல்லாம் கராஜ் கம்பெனிகள். ஆட்களுக்குத் தப்பும் சரியுமா கட்டிப்பார்க்க இடம் இருந்துச்சு. பிற்பாடு உலக ரேஸ் கார் தொழிலில் பாதி அந்த நாட்டுல போய் உட்கார்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

நம்ம பக்கமும் அந்தப் பொறி இல்லாம இல்லை. கோவை எஸ். கரிவரதன் 1988-ல் மாருதி 800 பாகங்களை வெச்சு ஃபார்முலா மாருதி கார் செஞ்சார். சர்பிட்டன் கூப்பர் டோப்போலினோவை வெச்சு செஞ்ச அதே வேலை. நரேன் கார்த்திகேயன் ரேஸ் ஓட்டிப் பழகினது அதுலதான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துட்டார். அவர் பேரில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் ஃபார்முலா பாரத் போட்டி நடக்குது. கல்லூரிப் பசங்க ஸ்டீல் குழாய் வளைச்சு, கேடிஎம் 390 மாதிரி பைக் எஞ்சினைப் பின்னாடி மாட்டி, தாங்களே கட்டின காரைத் தள்ளிக்கிட்டு வர்றாங்க. 1946-ல் நடந்ததுக்கும் இதுக்கும் கொள்கையில வித்தியாசம் இல்லை. போட்டி முடிஞ்சதும் அந்தக் கார் கல்லூரி ஷெட்டுக்குப் போகும். கேட்டுக்கு வெளியே ரோட்டில் இறங்க அதுக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. ஃபெயில் ஆகறதுக்குக்கூட!

ஒத்தை வண்டிக்கான அந்தப் பரீட்சை இங்கே வரணுமா, வந்தா அதுல என்னென்ன கேள்வி இருக்கணும்? மெக்கானிக்கல் படிச்ச மக்கள், ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் அனுபவம் உள்ளவங்க வந்து சொல்லுங்க. சண்டை போட்டாலும் பரவாயில்லை.