மலைக்கு அப்பால் ஒரு சட்டமன்றம்

தேவாரத்தில் விடியலுக்கு முன் கேட்கும் ஓசைகளுள் ஒன்று ஜீப்புகளின் இரைச்சல். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறுகின்றனர். ஊருக்கு மேற்கே கண்ணெதிரே நிற்கிறது மலை. அதன் முகட்டுக்கு அப்பால் வேறு மாநிலம். அந்த எல்லை இங்கே விழுந்ததற்குப் பின்னே, ஒரு சிறிய கட்சி ஒரு சட்டமன்றத்தில் நடத்திய போராட்டம் உண்டு. அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

எண்ணிக்கையில் குறைந்தோர் அவையின் நடைமுறையையே ஆயுதமாகக் கொள்வது புதிதன்று. இலண்டன் நாடாளுமன்றத்தில் பார்னல் தலைமையில் அயர்லாந்து உறுப்பினர்கள் பேசிப் பேசியே அவையை முடக்கினர். 1881 சனவரி 31 அன்று தொடங்கிய ஓர் அமர்வு 41 மணி நேரம் நீண்டது. முடிவில் அவைத்தலைவர் விவாதத்தைத் தாமே நிறுத்தினார். பின்னர் விதிகளே மாற்றப்பட்டன. பெரும்பான்மை வலுவாக இருக்கும் அவையில் சிறுபான்மையினரால் காலம் தாழ்த்த இயலும். அதற்கு மேல் இயலாது. பெரும்பான்மையே இல்லாத அவையிலோ நிலைமை வேறு. திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றம் அத்தகையது.

தமிழர் வாழும் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்பதே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை. அதன் முதன்மைத் தலைவர் நாகர்கோவில் வழக்கறிஞர் நேசமணி. தெற்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு முதலியவற்றோடு, நம் மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளம், பீருமேடு வட்டங்களையும் அவர்கள் கேட்டனர்.

1952 தேர்தலில் 108 இடங்களில் 44 மட்டுமே பெற்ற காங்கிரஸ், பிறர் துணையின்றி ஆளமுடியாத நிலையில் இருந்தது. தமிழ்நாடு காங்கிரசின் எட்டு உறுப்பினர்களும் ஏ. ஜே. ஜான் அமைச்சரவைக்குத் தோள்கொடுத்தனர். தங்கள் கோரிக்கை நகரவில்லை என்று கண்டதும் விலகினர். 1953 செப்டம்பரில் அமைச்சரவை பேரவையில் தோற்றது.

1954 தேர்தலில் அவர்கள் பன்னிருவராயினர். இம்முறை 117 பேர் கொண்ட அவையில் 19 இடங்களே பெற்ற பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை, காங்கிரஸ் ஆதரவோடு முதலமைச்சரானார். அவ்வாண்டு சூலையில் தேவிகுளத்தில் தடையை மீறிய நேசமணியும் தோழர்களும் கைதாயினர். ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. ஆளும் கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே அரசு பதவி விலகவேண்டும் என்றார், அரசு விலகவில்லை. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கைவிட்டபோது, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அது வீழ்ந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனனின் அமைச்சரவையும் இப்பன்னிருவரின் துணையை நம்பியே நின்றது.

மூன்று அமைச்சரவைகள் இவர்களைக் கணக்கில் கொள்ளவேண்டியிருந்தது. ஆனால் இவர்களோடு சேர்ந்து வாக்களித்தவர்கள் இவர்களது கோரிக்கைக்காக வாக்களிக்கவில்லை. ஓர் அரசை வீழ்த்த இவர்கள் தேவைப்பட்டனர். எல்லையை மாற்றும் பேச்சு வந்தபோது தனித்தே நின்றனர்.

1955 செப்டம்பர் 30 அன்று பசல் அலி ஆணையம் அறிக்கை தந்தது. தெற்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துக்கே என்றது ஆணையம். மலைவளம் புதிய மாநிலத்துக்குத் தேவை என்றும், அங்குள்ள தமிழர் பலர் நிலையாகத் தங்காமல் வந்துபோகும் தோட்டத் தொழிலாளர் என்றும் காரணங்கள் கூறப்பட்டன.

இதற்குப் பதில் சொல்லும் மேடையும் விரைவில் மறைந்தது. காங்கிரஸ் உறுப்பினர் அறுவர் விலகியதால் 1956 மார்ச்சில் பனம்பிள்ளி அமைச்சரவை கவிழ்ந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரலில் மாநிலச் சீரமைப்பு மசோதா மக்களவைக்கு வந்தபோது, பன்னிருவர் தராசின் முள்ளாய் நின்ற பேரவையே இல்லை. 489 இடங்களுக்கு நடந்த முதல் மக்களவைத் தேர்தலில் அக்கட்சி வென்றதோ ஒரே ஓர் இடம். நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. மலை வட்டங்கள் அப்பால் நின்றுவிட்டன.

தெற்கே கிடைத்தது சிறிய வெற்றியன்று. எனினும் அவையின் கணக்கு தந்த வலிமை, கணக்கு மாறியதும் கரைந்தது. குறைந்தோர் தங்களுக்குக் கிடைத்த வழிகளைப் பயன்படுத்தினர் என்று அவர்களைக் குறைகூற இயலாது. அமைச்சரவை ஆட்டம் கண்டால்தான் காதுகொடுப்போம் என்று பெரும்பான்மையினர் இருந்தால், குறைந்தோருக்கு ஆட்டிப்பார்ப்பதைத் தவிர வேறு வழி ஏது? நம் ஊராட்சியிலும் சங்கங்களிலும் பங்குப் பேரவையிலும், வாக்கு தேவைப்படாத நாளில் நாம் யாருக்குச் செவிகொடுக்கிறோம் என்பதும் இதே கேள்விதான்.

தேவாரத்து மக்கள் சாக்குலூத்து மெட்டு வழியே கேரளத்துக்கு ஒரு சாலை வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர். எதிரே தெரியும் மலைக்குச் சுற்றுவழியில் போகிறவர்களின் கோரிக்கை அது. வந்துபோகிறவர்கள் என்று அன்று எழுதப்பட்ட அந்த மக்களின் வழித்தோன்றல்களும் உறவினரும், நாளையும் விடியுமுன் ஜீப்புக்காகக் காத்து நிற்பர்.