கிடாவைப் பிரித்து வைத்த காலம்

கோடம்பாக்கத்தில் மின்ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, வேப்பேரிக்கு நடந்துபோய்க் கால்நடை மருத்துவம் படித்தவன் நான். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. கருமுட்டை வெளிவரும் விதத்தை அங்கே கரும்பலகையில் வரைந்தார்கள். பட்டியில் அதை நடத்திக் காட்டியவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்டுக்காரர்கள்.

சென்னை சிவப்பு இனச் செம்மறி ஆடுகள் வைத்திருந்தவர்களுக்கு மாதக் கணக்கு முக்கியம். செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். ஆனியில் சேர்ந்தால் கார்த்திகை அடைமழையில் குட்டி விழும், சளியில் சாகும். அதனால் கிடாவை மச்சான் ஊர்ப் பட்டிக்கு ஓட்டிவிட்டு, ஆவணியில் திரும்பக் கொண்டுவருவார்கள். தையில் குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டியே விழும். சிலர் கிடாவை மந்தையிலேயே வைத்து வயிற்றடியில் சாக்கு கட்டினார்கள். சாக்கு சேர்க்கையைத் தடுக்கும், வாசனையைத் தடுக்காதே! பழகிப்போன வாசனைக்கு ஆடு அசையாது.

ஓய்ந்திருக்கும் பெட்டை ஆட்டின் மூக்கில் புதுக் கிடாவின் ரோம வாசனை ஏறியதும், மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கும். அது பிட்யூட்டரியைத் தட்ட, எல்.எச். என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து சூலகத்தில் முட்டைப்பையை வளர்க்கும். சூலகம் அனுப்பும் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சமாக இருக்கும்வரை மூளையை அடக்கும். அளவு ஏறிவிட்டால் அதே சரக்கு மூளையை முடுக்கிவிடும். எல்.எச். பொங்கும், ஏறக்குறைய ஒரு நாளில் முட்டை வெளிவரும். அந்த முதல் முட்டைக்குப் பெரும்பாலும் பருவ அறிகுறியே இராது. மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் கிடா சேரும். "கொண்டாந்து இத்தனை நாளாச்சு, சும்மா நிக்குது சார்" என்று அலுத்துக்கொண்டவர்களிடம் பொறுக்கச் சொல்வேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட் குழு இந்தக் கிடா விளைவை 1944இல் எழுதிவைத்தது. அந்த ஹைப்போதலாமஸ் ஹார்மோனைப் பிரித்தெடுக்க, அமெரிக்காவில் ரோஜர் கில்லமின் செம்மறி மூளைத் துணுக்குகளையும் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைத் துணுக்குகளையும் லட்சக்கணக்கில் வாங்கிக் கரைத்தார்கள். 1971இல் பிடிபட்டது வெறும் 10 அமினோ அமிலங்கள் கோத்த சரடு. 1977இல் இருவருக்கும் நோபல்.

குளிர்நாட்டு ஆடுகளுக்குப் பகல் குறுகுவதுதான் பருவத்தின் சமிக்ஞை. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான்; நம் ஆட்டுக்கு மேய்ச்சலும் கிடாவும்தான் கணக்கு. பொத்தேரி அருகே காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் சென்னை சிவப்பு இனத்தைக் காத்துவருகிறது. புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்றிய பஞ்சைப் பெட்டையின் பிறப்புறுப்புக்குள் 12 முதல் 14 நாள் வைத்து எடுத்து, மந்தையை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவரலாம். பண்ணைக்கு அது சரி. இருபது ஆடு மேய்ப்பவருக்கு நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். கிடாவைப் பிரித்து வைக்கத்தான் சொல்வேன்.